ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு வந்த நரம்பு வலி: என் அனுபவம்

ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து புண் ஆறிய பிறகும் தொடையிடுக்கில் எரிச்சல் போகவில்லை. வேட்டி மடிப்பு உரசினாலே சுரீரென்று இழுக்கும். 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. ஆபரேஷனில் பலவீனமான தசையைத் தாங்க வலை வைத்த இடத்தில் நரம்பு காயப்படுவதோ வடுவில் சிக்குவதோ பல சமயம் காரணமாக இருக்கும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதற்காக வலி பொய்யாகிவிடாது.

கபாபென்டின் என்ற நரம்பு வலி மாத்திரையால் தூக்கக் கலக்கம்தான் மிச்சம். நரம்பை மரக்கவைக்கும் ஊசி கொஞ்ச நாள் தாங்கியது. அப்புறம்தான் வலி சிகிச்சை நிபுணர் தண்டுவடத் தூண்டல் பற்றிச் சொன்னார்: தண்டுவடத்துக்கு லேசான மின்துடிப்பு கொடுத்து வலியை மட்டுப்படுத்தும் முறை.

இதில் எனக்கு நம்பிக்கை தந்தது முன்னோட்டம்தான். முதுகில் ஊசி வழியாக மெல்லிய கம்பியைத் தண்டுவட உறைக்கு வெளியே வைத்து, மின்கருவியை உடம்புக்கு வெளியிலேயே மாட்டி, சில நாள் வீட்டில் வழக்கம்போல நடமாடச் சொல்வார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் பொதுவாகக் கருவியைத் தோலுக்கடியில் பதிப்பார்கள். எனக்குக் குறைந்தது, பதித்துக்கொண்டேன்.

வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் குனிந்து செருப்பு மாட்ட முடிகிறது, மாத்திரையும் குறைந்திருக்கிறது. கம்பி நகரலாம், தொற்று வரலாம். எம்ஆர்ஐ எடுக்கும் முன் கருவி இருப்பதைச் சொல்லியே ஆகவேண்டும். முன்னோட்டம் இல்லாமல் நேராகப் பதிக்கலாம் என்றால், ஏன் என்று கட்டாயம் கேளுங்கள்.