ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசத்தை வருடக்கணக்கில் காப்பது எப்படி

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஸ்டார்ம்ட்ரூப்பர் படைவீரர்களின் வெள்ளைக் கவசத்தைக் கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். கட்டிய பின் அது எத்தனை வருடம் உழைக்கும் என்பதைப் பெரும்பாலும் எந்த இடத்தில் எந்தப் பசையைப் போட்டீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. 1997-ல் அமெரிக்காவில் தொடங்கிய 501-வது லீஜியன் போன்ற ஸ்டார் வார்ஸ் ரசிகர் குழுக்களில், மருத்துவமனை, அணிவகுப்பு, நிதி திரட்டும் நிகழ்ச்சி என்று ஒரே கவசத்தைத் திரும்பத் திரும்ப அணிபவர்கள் உண்டு. அப்படி உழைக்கும் கவசத்துக்கு அடிப்படை விதி ஒன்றுதான்: இழுவை கூடினால் முதலில் பசை கழன்றுவிட வேண்டும், பிறகு துண்டுகளை இணைக்கும் பட்டை அறலாம், கவசத் தட்டு மட்டும் உடையவே கூடாது. கழன்ற இடத்தை இரவோடு இரவாக ஒட்டிவிடலாம். கிழிந்த தட்டைச் சரிசெய்ய ஒரு வாரம் போகும்.

முதலில் உங்கள் கவசம் எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவை ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். விலை குறைந்த செட்டுகள் ஹிப்ஸ் எனப்படும் பாலிஸ்டைரீன் வகை. அதில் சீக்கிரம் கீறல் விழும். வெட்டியெடுத்த ஓரத்துண்டு ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். இரண்டுமே மூழ்கும். மிதந்தால் அது பாலிஎத்திலீன் போன்ற வேறு பிளாஸ்டிக், அதில் கீழே சொல்லும் எந்தப் பசையும் நிலையாகப் பிடிக்காது. ஏபிஎஸ்ஸா ஹிப்ஸா என்று பிரிக்க, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீனில் ஒரு சிறு துண்டை ஒரு நாள் ஊறவிடுங்கள். ஹிப்ஸ் கரைந்து குழகுழப்பாகிவிடும், ஏபிஎஸ் அப்படியே கிடக்கும். இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: ஆரஞ்சு எண்ணெய் கலந்த கறைநீக்கிகளையும் ஸ்டிக்கர் நீக்கிகளையும் ஹிப்ஸ் கவசத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இந்தத் தட்டுகள் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின் மேல் வைத்து, காற்றை உறிஞ்சி இழுத்து உருவாக்கப்படுபவை. தகடு 2 முதல் 2.5 மி.மீ. தடிமனில் தொடங்கினாலும், ஆழமாக இழுபடும் மூலைகளில் நீண்டு மெலிந்துவிடும். விரிசல் விழுவது பெரும்பாலும் அங்கேதான். அக்குள் வளைவு, வயிற்றுத் தட்டின் பக்கவாட்டு மூலைகள், தொடைத் துண்டின் பின்புறக் கீழ்விளிம்பு, பின்பக்கத் தட்டில் பட்டை மாட்டும் இடம் ஆகிய நான்கையும் அடிக்கடி பாருங்கள். கத்தரிக்கோலால் வெட்டும்போது உள்மூலையில் விட்ட சின்னக் கீறல்கூட வருடம் கழித்து விரிசலாக வளரும். அதனால் கூர்மையான உள்மூலை எதையும் விடாதீர்கள். உருண்டை அரத்தால் குறைந்தது 3 மி.மீ. ஆரம் வருமாறு வளைவாக்கி, விளிம்பை 400, பிறகு 600 உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். பிசிறில்லாத விளிம்பு உடம்பையும் கிழிக்காது, பக்கத்துத் தட்டையும் சுரண்டாது.

மயிரிழை விரிசல் வெளிச்சத்தில் தெரியாது. அறையை இருட்டாக்கி, தட்டின் உட்பக்கம் செல்போன் டார்ச்சை வைத்து வெளியிலிருந்து பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் மங்கலாக வரும், விரிசல் ஒரு கோடாகத் தனித்துத் தெரியும். வளைந்து வளைந்து களைத்த இடங்களில் பால் படிந்தது போன்ற வெண்மை இருக்கும். விரிசல் அடுத்து அங்கேதான் வரும் என்பதால், அது வரும் முன்பே உட்பக்கம் ஒரு பட்டி (தாங்கலுக்கான பிளாஸ்டிக் துண்டு) ஒட்டிவிடுவது நல்லது.

விரிசல் விழுந்துவிட்டால் பசையை எடுக்காதீர்கள், முதலில் துளையிடுங்கள். விரிசலின் முனையில் 1.5 மி.மீ. துளை போட்டால் அதற்கு மேல் ஓடாது. முனையில் குவிந்திருந்த இழுவை துளையின் வட்டத்தில் பரவிவிடும். கையால் திருகும் சின்ன டிரில் போதும். மின் டிரில் வேகமாகச் சுழன்று பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். துளை கண்ணுக்குத் தெரியும் முனைக்குச் சற்றே அப்பால் விழட்டும், உண்மையான முனை பெரும்பாலும் அதையும் தாண்டித்தான் இருக்கும்.

அடுத்து உட்பக்கத்தை 120 உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். விரிசலுக்கு இருபுறமும் 20 முதல் 25 மி.மீ. நீளுமாறு, 1.5 மி.மீ. தடிமனுள்ள ஏபிஎஸ் பட்டி ஒன்றை வெட்டி, அதன் நான்கு மூலைகளையும் வளைவாக்கிவிடுங்கள். கூர்மூலையோடு ஒட்டினால் அந்த மூலையிலிருந்தே புது விரிசல் தொடங்கும். வளைவான இடமானால், கொதித்து இறக்கிய தண்ணீரில் பட்டியைப் பத்துப் பதினைந்து விநாடி முக்கி, தடித்த கையுறையோடு தட்டின் வளைவுக்கே அழுத்திப் பிடியுங்கள். ஆறியதும் அந்த வடிவத்திலேயே நிற்கும். ஹிப்ஸ் இன்னும் சீக்கிரம் இளகும், அதற்கு முக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

இந்தப் பட்டியை ஒட்டவும் விரிசலை நிரப்பவும் தேவையானது ஏபிஎஸ் குழம்பு. அதே கவசத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளைப் பொடியாக நறுக்கி, உலோக மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு, அவை மூழ்கும் அளவுக்கு அசிட்டோன் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் கிளறினால் இட்லி மாவுப் பதம் வர வேண்டும். கெட்டியாக இருந்தால் கொஞ்சம் அசிட்டோன், நீர்த்துப்போனால் இன்னும் சில துண்டுகள். அதே கவசத்தின் துண்டு என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒவ்வொரு தயாரிப்பாளரின் வெள்ளையும் வேறு, வேறொரு தகட்டில் செய்த குழம்பு காய்ந்ததும் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். அதனால் முதல் நாள் வெட்டியெறியும் ஓரங்களை ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். கவசம் விலைக்கு வாங்கியவராக இருந்தால் விற்றவரிடம் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும். சன்னல் திறந்த இடத்தில், அடுப்பும் விளக்கும் இல்லாமல் வேலை செய்யுங்கள். நைட்ரைல் கையுறையை அது சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், பட்டதும் மாற்றிவிடுங்கள்.

குழம்பைத் தடிமனாகப் பூச எல்லோருக்கும் ஆசை வரும். வேண்டாம். மேல்பகுதி காய்ந்து மூடிக்கொண்டதும் உள்ளே சிக்கிய அசிட்டோன் அடித்தட்டைத் தொடர்ந்து இளக்கிக்கொண்டே இருக்கும். நாளடைவில் அந்த இடம் குழிந்துபோகும், மெல்லிய தட்டானால் கோணலாகவும் ஆகிவிடும். ஒரு மி.மீ.க்கு மேற்படாமல் ஒரு பூச்சு, 24 மணி நேரம் இடைவெளி, பிறகு அடுத்தது. உள்பட்டியை ஒட்டும்போது இருபுறமும் சிறு நியோடிமியம் காந்தங்களை வைத்து ஒரு நாள் இறுக்கிப் பிடிக்கவிடுங்கள். வெளிப்பக்கத்தை மட்டத்துக்கு மேல் சற்றே மேடாக நிரப்பி, இரண்டு நாள் காயவிட்டு, 220-ல் தொடங்கி 400, 800, 1500, 2000 என்று தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ். நோவஸ் என்ற பிராண்டு பாலிஷ் என்றால் 2-ஆம் எண் கீறலை எடுக்கும், 1-ஆம் எண் பளபளப்புத் தரும். அவசரப்பட்டு ஓர் எண்ணைத் தாண்டினால் அந்தக் கோடுகள் பாலிஷுக்குப் பிறகுதான் கண்ணில் படும்.

ஹிப்ஸுக்கு இந்த அசிட்டோன் குழம்பு சரிப்படாது. பிளாஸ்டிக் மாடல் கட்டுபவர்கள் வாங்கும் பாலிஸ்டைரீன் சிமெண்ட்டைப் பயன்படுத்துங்கள், பட்டியும் ஹிப்ஸாகவே இருக்கட்டும்.

ஆக, விரிசலுக்குத் தட்டோடு தட்டாக உருகிச் சேரும் பசை. மூட்டுகளுக்கு நேர்மாறாக, ரப்பர் போல வளையும் இ6000 வகைப் பசை. முன்கை, கெண்டைக்கால் துண்டுகளின் இரு பாதிகளைச் சேர்க்கும் உள்பட்டி, பிரஸ் பட்டன் தாங்கும் நைலான் துண்டு எல்லாம் இதில்தான். இருபுறமும் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிசாகப் பூசிச் சேர்த்து, கிளிப்போ காந்தமோ போட்டு 24 மணி நேரம் விடுங்கள். 72 மணி நேரம் ஆகும் முன்பு பாரம் ஏற்றாதீர்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ஒட்டிவிட்டு, பாதியில் கழன்றதும் பசையைக் குறை சொல்பவர்கள் நிறைய. அளவு திருத்தப் பிரிக்க வேண்டுமானால் மீன்பிடி நைலான் நரம்பை இடையில் விட்டு ரம்பம் போல இழுங்கள். மிச்சத்தைக் கட்டைவிரலால் உருட்டியே எடுத்துவிடலாம், தட்டுக்கு ஒன்றும் ஆகாது.

ஃபெவிக்விக் மாதிரியான உடனடிப் பசை இந்த இடங்களுக்கு ஆகாது. அது கல்லாக இறுகும். கவசமோ ஒவ்வோர் அடிக்கும் வளைகிறது. வளையாத மூட்டுக்கு வந்து சேரும் இழுவை பக்கத்துத் தட்டைக் கிழிக்கும். அதன் ஆவி தலைக்கவசத்தின் கண்ணாடியில் வெள்ளையாகப் படியவும் செய்யும்.

பிரஸ் பட்டனைத் தட்டிலேயே துளைபோட்டு அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பாரம் முழுவதும் ஒரு துளையின் விளிம்பில் இறங்குவதால், பின்பக்கத் தட்டு உடைவதற்கு அதுவே பெரிய காரணம். 5 செ.மீ. சதுர நைலான் பட்டைத்துண்டில் பட்டனை அடித்து, அந்தத் துண்டைத் தட்டில் ஒட்டுங்கள். துளையைக் கத்தரிக்கோலால் போடாமல், சூடான சால்டரிங் அயர்ன் முனையால் உருக்கிப் போட்டால் நூல் பிரியாது. பட்டன் நிக்கல் பூசிய பித்தளையாகவோ ஸ்டெயின்லெஸ்ஸாகவோ இருக்கட்டும், சாதா இரும்பு வியர்வையில் துருப்பிடித்து வெள்ளைத் தட்டில் கறை இறக்கும். எடை தாங்கும் இடத்தில் 25 மி.மீ. நைலான், அசைவு தேவைப்படும் இடத்தில் எலாஸ்டிக். எலாஸ்டிக் வியர்வையிலும் சூட்டிலும் செத்துவிடும் பொருள். புதிதில் இருந்த நீளத்தைக் குறித்து வைத்து, ஐந்தில் ஒரு பங்கு நீண்டதும் மாற்றுங்கள். தளர்ந்த எலாஸ்டிக்கால் தட்டுகள் இடம்மாறி ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். வெல்க்ரோவின் முதுகில் வரும் ஒட்டும் பசை வெயிலில் இளகி நழுவும் என்பதால், அதைச் சுரண்டியெடுத்து இ6000 போட்டு ஒட்டிவிடுங்கள்.

கழுவுவதில் பெரிய வித்தை இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் துலக்கும் திரவம் சில துளி, மைக்ரோஃபைபர் துணி. கறுப்புத் தேய்ப்புக் கறைகளுக்குப் பாலிஷ் போதும். மெலமைன் ஸ்பாஞ்ச் கறையோடு பளபளப்பையும் எடுத்துவிடும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் படக்கூடாது. பலருக்குத் தெரியாத ஓர் எதிரி கொசுவிரட்டி லோஷன். அதில் இருக்கும் டீட் இந்தப் பிளாஸ்டிக்குகளையும், உள்ளே அணியும் ஸ்பான்டெக்ஸ் உடையையும் ஒருசேரக் கெடுக்கும். திறந்தவெளி நிகழ்ச்சியானால் பிக்காரிடின் உள்ளதைப் பூசி, கையைக் கழுவிவிட்டுக் கவசத்தைத் தொடுங்கள்.

எடுத்து வைப்பதற்கு முன் எல்லாத் துண்டுகளும் முழுதாக உலரட்டும். குரல்பெருக்கி, மின்விசிறி இவற்றின் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். தலைக்கவசத்தின் உள்ளே பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் இருந்தால் சில வருடங்களில் பிசுபிசுத்து உதிரும், அதற்குப் பதிலாக இவிஏ ஃபோம் வையுங்கள். ஒவ்வொரு துண்டையும் பருத்தித் தலையணை உறைக்குள் போட்டு, ஒன்றின் மேல் ஒன்று அழுத்தாமல் பெட்டியில் அடுக்குங்கள். மெத்தென்ற வினைல் பையிலோ ரெக்ஸினிலோ சுற்றாதீர்கள். அவற்றை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வெளியேறி, ஏபிஎஸ்ஸையும் பாலிஸ்டைரீனையும் இளக்கி ஒட்டிக்கொள்ளும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் விட்டுவிட்டும் போகக்கூடாது. ஏபிஎஸ் முழுதாக இளக 100 டிகிரிக்கு மேல் வேண்டும்தான், ஆனால் மேலே பாரம் இருந்தால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே மெல்ல மெல்ல உருமாறும். அப்படிக் கோணிய துண்டை வெந்நீரில் இளக்கிப் பழைய வடிவுக்குக் கொண்டுவரலாம், முழுதாகச் சரியாகும் என்று எதிர்பார்க்க முடியாது.

நிகழ்ச்சிக்குப் போகும் பையில் வெள்ளை காஃபர் டேப் (துணியாலான ஒட்டும் நாடா), மாற்றுப் பட்டன்களும் அடிக்கும் கருவியும், ஒரு மீட்டர் எலாஸ்டிக், பைண்டர் கிளிப்புகள், ஜிப் டை, ஆல்கஹால் துடைப்பான் இருக்கட்டும். நடுவில் தட்டு கிழிந்தால் உட்பக்கம் டேப் போட்டு, அன்றைக்குச் சமாளியுங்கள். விரிசலுக்குள் உடனடிப் பசையை விட்டால் அது காய்ந்து விளிம்பை மூடிவிடும், பிறகு ஏபிஎஸ் குழம்பு பிடிக்காது.

மஞ்சளாவது ஏபிஎஸ்ஸின் பிறவிக்குணம். அதற்குள் இருக்கும் பியூட்டடையீன் ரப்பர் புற ஊதாக் கதிரில் ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. கழுவினால் போகாது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கும் முறை, பழைய கணினிப் பெட்டிகளுக்காகப் பரவியது. கவசம் போன்ற பெரிய தட்டில் அது திட்டுத்திட்டாகத்தான் வெளுக்கும், மஞ்சளும் திரும்பி வரும். மார்புத் தட்டு மட்டும் மஞ்சளாகி முதுகு வெள்ளையாக நின்றால் எல்லாத் தட்டுகளையும் ஒருசேர 800 தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர், அதன் மேல் பளபள வெள்ளை ஸ்பிரே என மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். ஒரு தட்டை மட்டும் அடித்தால் பக்கத்துத் தட்டு இன்னும் பழையதாகத் தெரியும். வளையும் விளிம்புகளில் பூச்சு முதலில் உதிரும் என்பதால், மீதமான அதே ஸ்பிரேயை மூடியில் கொஞ்சம் பீய்ச்சி, தூரிகையால் அவ்வப்போது தொட்டுத் தொட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.