தைச்சு முடிச்சாச்சு, இனி நாலு பேருக்குக் காட்டுவோம்

எங்கள் வீட்டு பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் ரொம்ப நாள் கிடந்தது. அதற்குள் நான் தைத்து முடித்த 11 துணிகள். ஒரு கார்த்திகையில் மழை விட்டதும் எடுத்து விரித்தால், மயிலின் கழுத்தில் சாம்பல் நிறத்தில் பூசணம் பிடித்திருந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து தைத்த மயில். வீட்டு ஆட்களைத் தவிர ஒருத்தர் கண்ணில்கூட அது பட்டதில்லை.

நம்ம குமரி மாவட்டத்துக்கு மழைக்காலம் இரண்டு. ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. இங்கே துணியைக் காற்றுப் படாமல் மூடி வைத்தால் பத்திரமாக இருக்காது, பூசணம்தான் வரும். தைத்ததைத் துவைத்து, நேராக்கி, சட்டத்தில் மாட்டி வெளியே வைத்தால்தான் அது பிழைக்கும். கூடவே நாலு பேரும் பார்ப்பார்கள். கடைசித் தையல் போட்டதும் நூலை வெட்டி, "அப்பாடா" என்று மடித்து வைக்கிற புதுப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு நான் தைத்த மாத்தூர் தொட்டிப்பாலப் படத்தையே எடுத்துக்கொள்கிறேன் (எங்கள் மாவட்டத்தில் உயரமான தூண்கள் மேல் தண்ணீர் கொண்டுபோகிற பாலம் அது). 14 கவுண்ட் ஐடா துணியில், அதாவது இன்ச்சுக்கு 14 கட்டம் உள்ள துணியில், கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி போடுகிற கிராஸ் ஸ்டிச். 140 தையல் அகலம், 98 தையல் உயரம். 14-ஆல் வகுத்தால் 10 இன்ச்சுக்கு 7 இன்ச்.

1. முதலில் திருப்பிப் பாருங்கள்

துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். விட்டுப்போன தையல் இருந்தால் அந்த இடம் பொட்டு வைத்ததுபோல் பளிச்சென்று தெரியும். எனக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்றாவது மாட்டும். பின்பக்கம் கறுப்பு நூலை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இழுத்திருந்தால், முன்பக்கம் வெள்ளைத் துணியில் நிழலாக விழும். அதை வெட்டி, இரண்டு முனையையும் பக்கத்துத் தையல் நாலைந்துக்கு அடியில் நுழைத்துவிடுங்கள். முடிச்சுப் போட்டிருந்தால் அவிழ்த்து அதேபோல் செருகுங்கள். அட்டையில் இழுத்துக் கட்டும்போது முடிச்சு ஒவ்வொன்றும் முன்னால் பரு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும்.

என் சித்தி முளகுமூட்டில் சிஸ்டர்களிடம் தையல் படித்தவள். 1897-இல் பெல்ஜியத்திலிருந்து வந்த மதர் மேரி லூயிஸ் டி மீஸ்டர் அங்கே சபை தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு லேஸும் எம்பிராய்டரியும் கைவந்த வேலை. சித்தி எந்தத் துணியை வாங்கினாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். "முன்னுக்கு யாரும் நல்லாத் தைப்பா. பின்னுக்குக் காட்டு பாப்போம்" என்பாள். அவள் கண்ணுக்குத் தைக்க வேண்டுமென்றால் நான் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். தொடக்கக்காரர்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். முன்பக்கத்தைக் கெடுக்காத பின்பக்கம் போதும்.

2. பெயரும் வருஷமும்

இதைத் துவைப்பதற்கு முன்பே தைத்துவிட வேண்டும். பின்னால் செய்தால் கை அழுக்கு மறுபடியும் ஏறும். கீழ்மூலையில், துணி நிறத்துக்கு ஒரு சாயல் மட்டும் கூடின நூலை ஓர் இழை எடுத்து, பெயரின் முதலெழுத்தையும் வருஷத்தையும் பின் தையலில் (பேக் ஸ்டிச்) போட்டால் போதும்.

"எனக்கெதுக்கு பேரு, நான் என்ன பெரிய ஓவியரா" என்று கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், இங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1851-இல் லண்டனில் நடந்த பெரிய பொருட்காட்சி வரைக்கும் நாகர்கோவில் லேஸ் போனது. கற்றுக்கொடுத்தவர் பெயரை எங்கேயும் படிக்கலாம். பின்னின பிள்ளையின் பெயரை லேஸில் எங்கே தேட? அதனால் கூசாமல் போடுங்கள்.

3. அலசுவது

பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் துணியை இழுத்துப் பிடிக்கிற ரிங் போட்ட இடத்தில் வட்டமாக ஓர் அழுக்கு இருக்கத்தான் செய்யும். டி.வி. பார்த்துக்கொண்டு நேந்திரங்காய் சிப்ஸ் தின்ற கையோடு தைத்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தண்ணீரில் அழியும் பேனாவால் வரைந்திருந்தால் முதலில் வெறும் பச்சைத் தண்ணீரில் முக்கி அந்தக் கோட்டைப் போக்குங்கள். கோடு இருக்கும்போதே அயன் வைத்தால் அது அங்கேயே தங்கிவிடும். சூட்டில் மறையும் பேனா என்றால் வேறொரு வேடிக்கை. அயன் பண்ணினதும் கோடு காணாமல் போகும், ஆனால் மைனஸ் 10 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் திரும்பி வரும். நம்ம ஊரில் அந்தக் குளிருக்கு வழியில்லை. நான் கனடாவில் இருக்கிற அண்ணனுக்கு ஒரு தாமரை அனுப்பினேன். பனிக்காலத்தில் பார்சல் வெளியே கிடந்திருக்கிறது. "தாமரையச் சுத்தி பென்சில்ல என்னமோ வரஞ்சிருக்கியே" என்று கேட்டான். வெளிநாட்டுக்குப் போகிற துணிக்கு அந்தப் பேனாவைத் தொடாதீர்கள்.

ஒரு பேசின் தண்ணீரில் பேபி ஷாம்பு சில சொட்டு விட்டு, துணியைப் பத்து நிமிஷம் ஊற வைத்து, மெல்ல அமுக்கி அலசுங்கள். கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ செம்பட்டை கலந்து வருகிற வீடுகளில், குடிக்க வடிகட்டின தண்ணீரை எடுப்பது நல்லது. சிவப்பு, அடர்நீல நூல்களில் சாயம் கசிந்தால் பயந்து வெளியே எடுத்து உலர்த்திவிடக் கூடாது. காய்ந்தால்தான் கறை பிடிக்கும். குளிர்ந்த தண்ணீரை மாற்றி மாற்றி, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசிக்கொண்டே இருங்கள். எனக்கு ஒரு தடவை 14 பேசின் ஆனது. உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்வாள். கசிந்த சாயத்தை உப்பு ஒன்றும் செய்யாது.

முறுக்கிப் பிழிய வேண்டாம். காய்ந்த துவர்த்தை (துண்டை) விரித்து, அதன் மேல் துணியைப் பரப்பி, பாய் சுருட்டுவது மாதிரி சுருட்டி அமுக்குங்கள். அதே ஈரத்தோடு அடுத்த வேலை.

4. அயன்

கனமான டவலை நாலாக மடித்து, அதன் மேல் துணியைக் குப்புறப் போட்டு, பின்பக்கம்தான் தேய்க்க வேண்டும். பிரெஞ்சு முடிச்சும் (நூலைச் சுற்றிப் போடுகிற குட்டி முடிச்சு) சாட்டின் தையலும் (நெருக்கி நெருக்கி நிரப்புகிற தையல்) டவலுக்குள் அமுங்கி உருண்டையாக நிற்கும். முன்பக்கம் தேய்த்தால் தோசை மாதிரி தட்டையாகிவிடும். ஜரிகை நூல் இருந்தால் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு மெல்லிய துணி போட்டுத் தேயுங்கள்.

5. நீடில்பாயிண்ட் என்றால் பலகையில் குத்தி வைக்க வேண்டும்

வலை மாதிரி இருக்கிற கேன்வாஸில் கம்பளி நூலால் ஓர் இடம் விடாமல் நிரப்புகிற வேலைக்கு அயன் பத்தாது. எல்லாத் தையலும் ஒரே சாய்வில் விழுவதால் கேன்வாஸை அது ஒரு பக்கமாக இழுக்கும். சதுரமாகத் தொடங்கினது முடிக்கும்போது சாய்ந்த கட்டமாக இருக்கும். உங்கள் கை கோணல் இல்லை, தையலின் குணம் அது. பாஸ்கெட்வீவ் முறையில், அதாவது மூலைவாட்டில் வரிசை வரிசையாகத் தைத்தால் இழுப்பு கொஞ்சம் குறையும்.

நேராக்குவது இப்படி. முதலில் நனைந்த வெள்ளைத் துணியை ஓரத்தில் அமுக்கிப் பார்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று சோதியுங்கள். ஒட்டாவிட்டால் மேலே போகலாம். ஒரு பிளைவுட் பலகையில் தாள் ஒட்டி, வேண்டிய அளவில் மூலைமட்டம் வைத்துச் சரியான கட்டம் வரைந்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் போடுங்கள். கேன்வாஸுக்குத் தண்ணீர் தெளியுங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம், தொட்டால் ஈரமாக இருந்தால் போதும். வெந்நீர் கூடாது, கம்பளி சுருங்கும். எந்த இரண்டு மூலைகள் உள்ளே வந்திருக்கின்றனவோ அந்த இரண்டையும் பிடித்து வெளியே இழுத்துக் கொடுங்கள். பிறகு தைக்காத ஓரத்தில் ஓர் இன்ச்சுக்கு ஒரு ஊசி வீதம், வரைந்த கோட்டோடு பொருத்திக் குத்திக்கொண்டே போங்கள். முதலில் நாலு பக்கத்தின் நடுவில், அப்புறம் மூலைகளை நோக்கி.

ஊசி துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும். கடையில் சாதாரண டிராயிங் பின் வாங்கி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுநாள் ஓரமெல்லாம் காவி நிறத்தில் வட்டம் வட்டமாக இருந்தது. நல்லவேளை, தைக்காத ஓரம். வெயில்காலத்தில் ஒரு நாளில் காயும். ஆடிச் சாரலில் மூன்று நாள் ஃபேன் போட்டாலும் அடியில் ஈரம் இருக்கும். அவசரப்பட்டு எடுத்தால் திரும்பவும் கோணிக்கொள்ளும். ரொம்பக் கோணினதற்கு இரண்டு, மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

6. அட்டையில் கட்டுவது

இங்கேதான் எல்லோரும் ஃப்ரேம் கடையை நம்பிக் கொடுத்துவிடுகிறோம். என் முதல் சுவர்ப்படத்தை ஒரு கடையில் கொடுத்தேன். துணி முழுக்கப் பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டித் தந்தார்கள். அன்றைக்கு ஜோராக இருந்தது. இரண்டு வருஷத்தில் பசை மஞ்சளாகி முன்னால் கசிந்தது, பிரிக்கவும் முடியவில்லை. அதிலிருந்து அட்டையில் கட்டும் வேலையை நானே செய்கிறேன். கடைக்குச் சட்டம் போட மட்டும்தான்.

பாலத்தின் அளவு 10-க்கு 7 என்றேன். சுற்றி ஓர் இன்ச் வெறும் துணி தெரிய 12-க்கு 9 அளவில் அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு. துணி 16-க்கு 13. பின்பக்கம் மடிக்க நாலு பக்கமும் இரண்டு இன்ச் கிடைக்கும். (தைக்கத் தொடங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டு வெட்ட வேண்டும். கடைசியில் துணி போதாமல் விழிப்பது பரிதாபம்.) அட்டையைத் துணியின் நடுவில் வைத்து, அட்டையின் விளிம்பில் நடுவிலிருந்து மூலை நோக்கி குண்டூசி குத்துங்கள். ஐடா துணியின் ஒரே வரிசைக் கட்டம் விளிம்போடு ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே போனால் படம் கோணாது. பிறகு கெட்டியான நூலை உருளையிலிருந்து வெட்டாமல் கோத்து, பின்பக்கம் மேல்மடிப்பிலும் கீழ்மடிப்பிலும் மாறி மாறி, கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு கட்டுகிறதுபோல் இழுத்துக்கொண்டே போங்கள். கடைசி வரைக்கும் போனதும், ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு இழையாக இறுக்கி முடிச்சுப் போடுங்கள். அடுத்து வலம் இடம். இப்போது குண்டூசிகளை உருவலாம்.

கண்ணாடி வேண்டுமென்றால் தையலில் ஒட்டாதபடி நடுவில் ஓர் அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். ஒட்டினால் ஈரம் உள்ளே வியர்த்து, திரும்பவும் பழைய பூசணக் கதைதான்.

சின்ன வேலைப்பாட்டுக்கு இத்தனை பாடு வேண்டாம். தைத்த மர ரிங்கிலேயே விட்டு, ஓரத்தை ஓட்டுத் தையல் போட்டுச் சுருக்கி இழுத்து, பின்னால் ஃபெல்ட் வட்டம் ஒன்றைத் தைத்துவிடுங்கள்.

7. போட்டோ

கண்ணாடி போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்குத் திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ நேர்வெயில் படாத இடம். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சரிந்து வந்தால் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு நிழல் விழும், அப்போதுதான் நூல் நூலாகத் தெரியும். ஃபிளாஷ் போட்டால் எல்லாம் அச்சடித்த காகிதம் மாதிரி ஆகிவிடும். டியூப் லைட்டில் வெள்ளைத் துணி நீலம் பாயும். போனைக் கிட்டே கொண்டுபோனால் நேர்கோடு வில்லாக வளையும். இரண்டடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். திரையில் கட்டக் கோட்டைப் போட்டுக்கொண்டால் சட்டம் நேராக நிற்கும். முதலில் லென்ஸைத் துடையுங்கள். தேங்காயெண்ணெய்க் கைரேகைதான் பாதிப் படங்களை மங்கலாக்குகிறது.

மூன்று படம் போதும். முழுசாக ஒன்று, பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசு வைத்து நெருக்கத்தில் ஒன்று, சுவரில் மாட்டினது ஒன்று.

8. காட்டுவது

வாட்ஸப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்பினாலும் பங்குத் திருவிழாக் கண்காட்சியில் வைத்தாலும் கூடவே நாலு வரி எழுதுங்கள். என்ன துணி, எத்தனை கவுண்ட், எந்த நூல், எத்தனை இழை, எத்தனை நாள். புதிதாகத் தைக்கிறவளுக்கு "சூப்பர் அக்கா" என்கிற பாராட்டைவிட அந்த நாலு வரிதான் உதவும். டிசைன் வேறொருவருடையது என்றால் அவர் பெயரையும் எழுதுங்கள். படத்தைக் காட்டலாம், அவர் விற்கிற கட்டப் படத்தை (எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டுகிற தாளை) போட்டோ எடுத்து அனுப்பக் கூடாது. கேட்கிறவர் சித்தி மகளாக இருந்தாலும்தான்.

தப்பை நீங்களாகவே சுட்டிக் காட்ட வேண்டாம். பாலத்தில் ஒரு தூண் ஒரு கட்டம் ஒல்லி. எனக்குத் தவிர யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பாட்டா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் எண்ணினார். "தொட்டிப்பாலத்துக்கு 28 தூணு மக்ளே. நீ ஏழுதான் வச்சிருக்க. மிச்சம் 21 எங்க?" நடுப்பகுதி மட்டும்தான் தைத்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். காட்டின மறுநாளே "எனக்கும் ஒண்ணு தச்சுத் தா, காசு தாறேன்" என்று வருவார்கள். கோபப்பட வேண்டாம், கணக்கைச் சொல்லுங்கள். வானத்தை வெறும் துணியாக விட்டும் என் பாலத்தில் ஏறக்குறைய 8,000 தையல் இருக்கிறது. மணிக்கு 100 வீதம் 80 மணி நேரம். பக்கத்து வீட்டு மாமியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினாள்.

"அப்ப வேண்டாம் பிள்ள. நான் இஞ்ச வந்தே பாத்துக்கிடுதேன்."

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதெல்லாம் உள்ளே நுழைந்து, பாலத்துக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் சாயா குடிக்க உட்காருகிறாள்.