வெளியூர் மேட்ச்ல தோத்துட்டு வர்றது எப்படி

இது டிவில வர்ற பெரிய டீமுக்குக் கத்துறவங்களுக்கு இல்ல. கீழ் டிவிசன்ல கிடக்குற, ஸ்பான்சர் இல்லாத, ஜெர்சில நம்பர் பாதி உரிஞ்சு போன லோக்கல் ஃபுட்பால் டீமுக்குப் பின்னாடி ஊர் ஊரா போற பங்காளிகளுக்கு. திண்டுக்கல் போயி 3-1னு வாங்கிக் கட்டிட்டு வந்த சூட்டோட எழுதுறேன், அங்கங்க கடுப்பு தெரிஞ்சா கண்டுக்காதீங்க.

மதுரைல இருந்து திண்டுக்கல் 65 கிலோமீட்டர் சொச்சம், ஆரப்பாளையத்துல பஸ் ஏறுனா ஒன்றரை மணி நேரம் வைங்க. மேட்ச் மூன்றரைக்குன்னா ரெண்டு மணிக்கே கிரவுண்டுல நிக்கணும். வேன் பேசுனா டிரைவர் அண்ணன்கிட்ட திரும்புற நேரத்தையும் வெயிட்டிங் காசையும் கிளம்பும்போதே பேசி முடிச்சிருங்க, தோத்துட்டு வந்து யாருக்கும் பேரம் பேச தெம்பு இருக்காது. தண்ணி கேன், எலுமிச்சம்பழம், உப்பு, ஒரு பையில ஐஸ், இது போதும். மேளம் வேணாம், அடுத்த ஊர்ல போயி மேளம் அடிச்சா அது சப்போர்ட் இல்ல, வம்பு.

சீக்கிரம் போகச் சொல்றது எதுக்குன்னா கிரவுண்டப் பாக்க. ஒழுங்கா போட்ட கிரவுண்டு வடக்கு தெக்கா இருக்கும், வெயில் கீப்பர் கண்ணுல நேரா அடிக்காது. ஆனா ஸ்கூல் கிரவுண்டு, பொட்டல்லாம் இடம் எப்படி இருக்கோ அப்படித்தான் கோல் போஸ்ட்ட நட்டிருப்பாங்க. கிழக்கு மேற்கா கிடந்துச்சுன்னா உடனே கேப்டன்ட்ட ஓடிப் போயி சொல்லுங்க, டாஸ் ஜெயிச்சா கிழக்கு போஸ்ட்ட எடுன்னு. ஏன்னா மூன்றரைக்கு சூரியன் இன்னும் மேலதான் நிக்கும், நம்ம கீப்பர் சமாளிச்சுருவாப்ல, செகண்ட் ஹாஃப்ல பக்கம் மாறி, வெயில் எறங்கி மூஞ்சிக்கு நேரா வரும்போது அவிங்க கீப்பர் கண்ணு கூசட்டும். முன்னாடி டாஸ் ஜெயிச்சவங்க போஸ்ட்ட மட்டுந்தான் எடுக்க முடியும், 2019ல ரூல மாத்தி போஸ்ட் இல்லாட்டி கிக் ஆஃப் (ஆட்டத்த ஆரம்பிக்கிற முதல் உதை), எது வேணும்னாலும் கேக்கலாம்னு ஆக்கிட்டாங்க. நம்மாளு டாஸ் ஜெயிச்சுட்டு கிக் ஆஃப் கேட்டாப்ல! அவிங்க உள்ளூர்க்காரய்ங்க, சிரிச்சுக்கிட்டே கிழக்கு போஸ்ட்ல போயி நின்னுட்டாய்ங்க.

ஹாஃப் டைம் வரைக்கும் 1-1. அதுக்கப்புறம் அவிங்க பந்த தரையில உருட்டவே இல்ல, எல்லாம் மேல தூக்கித் தூக்கி அடி. நம்ம கீப்பர் பய ஒரு உள்ளங்கைய புருவத்துல குடை மாதிரி வச்சுக்கிட்டு பந்த தேடுறான், கட்டாந்தரைல குத்துன பந்து அவன் தலைக்கு மேல எகிறி போஸ்டுக்குள்ள போகுது. மூணாவது கோலும் அப்படியே.

இப்ப கத்துறது. கத்தலாம், ஆனா ரூல் தெரிஞ்சு கத்துங்க. த்ரோவுல, கார்னர்ல, கோல் கிக்ல இருந்து பந்து நேரா வந்தா ஆஃப்சைடே (எதிர் டீம் ஆளுகளத் தாண்டி முன்னாடி நின்னு பந்து வாங்குற தப்பு) கிடையாது, அதுக்குப் போயி லைன்ஸ்மேன திட்டுனா உள்ளூர் சின்னப் பசங்க கூட சிரிப்பாய்ங்க. கோல் கிக்க நம்ம போஸ்ட் முன்னாடி இருக்குற பாக்ஸுக்குள்ளயே நிக்கிற பேக்குக்குத் (பின்னாடி நின்னு தடுக்குற ப்ளேயருக்கு) தட்டி விடலாம், அதுவும் 2019ல இருந்து. ரெஃபரிய வீட்டாளுகள இழுத்துப் பேசுறது கூடவே கூடாது. நீங்க பேசிட்டு வந்துருவீங்க, கோவத்துல ப்ளேயரும் வாயத் தொறப்பான், ஏற்கனவே மஞ்ச கார்டு வாங்குனவன் ரெண்டாவது வாங்கி வெளிய போவான், அடுத்த மேட்ச்சும் உக்காரணும்.

எதிர்ல நிக்கிறவய்ங்க 'மதுரைக்கும் ஃபுட்பாலுக்கும் என்னடா சம்பந்தம்'னு லந்து பண்ணா சண்டைக்குப் போகாதீங்க. 2019ல லூதியானால நம்ம மதுரை டீம் சேது எஃப்சி பொண்ணுங்க ஃபைனல்ல மணிப்பூர் போலீஸ 3-1னு அடிச்சு இந்தியன் விமன்ஸ் லீக் கப்ப தூக்குனாங்கல்ல, அத சொல்லுங்க. அதுக்கு மேல பேச மாட்டாய்ங்க. நம்ம பயலுக தோத்துக்கிட்டு இருக்கும்போது இத சொல்றது கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும், பரவால்ல.

விசில் ஊதுனதும் எவனும் கேட்டப் பாத்து நடக்கக் கூடாது, லைன் ஓரமா நின்னு கை தட்டணும். கீப்பர்கிட்ட போயி 'வெயில் தாண்டா'ன்னு கூட சொல்ல வேணாம், அவனுக்கே தெரியும், தண்ணி பாட்டில கைல குடுத்துட்டு க்ளவுஸ வாங்கி வச்சுக்கங்க. வாட்ஸ்ஆப் குரூப்புல ஸ்கோர மட்டும் போடுங்க, மேட்ச்சுக்கு வராதவன் வாய்ஸ் நோட்ல அட்வைஸ் அனுப்புவான், அதுக்கு ராத்திரில பதில் சொல்லாதீங்க.

அப்புறம் சோறு. திண்டுக்கல் வரைக்கும் வந்துட்டு சீரகசம்பா பிரியாணி சாப்பிடாம திரும்புறது ரெண்டாவது தோல்வி. ப்ளேயர் பசங்களுக்கு நம்ம காசு, இதுல கணக்கு பாக்காதீங்கண்ணே. பசிச்ச வயித்தோட பஸ் ஏத்துனீங்கன்னா கொடைரோடு தாண்டுறதுக்குள்ள பேக்கும் கீப்பரும் சட்டையப் புடிச்சுருவாய்ங்க. சாப்பிட்டா வாடிப்பட்டி வரும்போது பாதிப் பேரு தூங்கிருவாய்ங்க, கேப்டன் மட்டும் முழிச்சிருப்பாப்ல. டாஸ் விஷயத்த அப்ப பக்கத்துல உக்காந்து மெதுவா சொல்லுங்க, கோச் காதுல விழாம.