ஐந்து நாவல்களின் மனிதர்கள் ஒரே கதையில்: எப்படி வாசிக்கத் தொடங்குவது?

ஆலன் மூர் எழுதி கெவின் ஓ'நீல் வரைந்த 'தி லீக் ஆஃப் எக்ஸ்ட்ராடினரி ஜென்டில்மென்' என்ற ஆங்கிலப் படக்கதை (காமிக்ஸ்) 1999இல் வரத் தொடங்கியது. கதை நடப்பது 1898இல். 'டிராகுலா' நாவலின் மினா, ஜூல் வெர்னின் கேப்டன் நீமோ, ரைடர் ஹாகார்டின் வேட்டைக்காரர் ஆலன் குவாட்டர்மைன், ஸ்டீவன்சனின் டாக்டர் ஜெகில், வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதன் ஆகியோரை ஆங்கிலேய உளவுத்துறை ஒன்றுசேர்க்கிறது. வன்முறையும் பாலியல் வன்கொடுமையும் வரும் கதை. வயது வந்தவர்களுக்கு மட்டும்.

படி 1: மூல நாவல்களைப் படித்து முடித்த பிறகு வரலாம் என்று காத்திருக்காதீர்கள். முதல் பாகத்தின் ஆறு அத்தியாயங்களையும் கதைக்காக மட்டும் ஒரே மூச்சில் படியுங்கள். புரியாத பெயர் வந்தால் தாண்டிப் போங்கள்.

படி 2: ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் படம், பிறகு வசனம். குவாட்டர்மைனைத் தேடி மினா கெய்ரோ போகும் பக்கங்களில் அரபு வசனங்கள் மொழிபெயர்ப்பு இல்லாமலே வருகின்றன. அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஆட்களின் முகத்தையும் கையையும் பார்த்தாலே அவர்கள் எண்ணம் விளங்கிவிடும்.

படி 3: ஒரே ஒரு பாத்திரத்தின் மூலக் கதைக்குப் போங்கள். என் தேர்வு ஸ்டீவன்சனின் குறுநாவல் (1886). ஓரிரு நாளில் முடித்துவிடலாம். அதில் ஜெகில் மருந்து குடித்து மாறும் தீய உருவமான ஹைட் ஜெகிலைவிடக் குள்ளமானவன், ஜெகிலின் உடைகள் அவனுக்குத் தொளதொளவென்று தொங்கும். ஜெகில் தன் தீய பக்கத்தை அடக்கியே வைத்திருந்ததால் அது வளரவில்லை என்பது ஸ்டீவன்சனின் காரணம். ஓ'நீலின் ஹைட் மலைபோல நிற்கிறான். அடக்கியது அவிழ்ந்த பிறகு தீமை வளர்ந்துகொண்டே போனது என்று மூர் அதே காரணத்தை நீட்டிப் பார்க்கிறார். இரண்டாம் பாகத்தில் ஹைட்டே தன் வாயால் இதைச் சொல்வான். மூலத்தைக் கூர்ந்து படித்த ஒருவரால்தான் இப்படி மாற்றி எழுத முடியும்.

படி 4: நீமோவின் தலைப்பாகையைக் கவனியுங்கள். அவர் இந்தியர் என்பது மூரின் கற்பனை இல்லை. நீமோ பண்டேல்கண்ட் அரசரின் மகன் தக்கார், 1857 எழுச்சியில் போரிட்டவர் என்று 'மர்மத் தீவு' நாவலில் வெர்ன் எழுதியிருக்கிறார். 1954இல் வந்த ஹாலிவுட் படத்தில் அவரை வெள்ளைக்காரராக்கிவிட்டார்கள். தாடியும் தலைப்பாகையுமாக அவரை இந்தப் பக்கங்களில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே நிறைவாக இருந்தது. ராட்சதக் கணவாய்போல வரையப்பட்ட அவருடைய நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலுக்காகவும் சற்று நேரம் ஒதுக்குங்கள்.

புத்தகத்தின் பின்பகுதியில் உள்ள உரைநடைக் கதை கொஞ்சம் கடினம். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஒரு மாதம் கழித்து மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். டோவர் கடற்கரையில் மினா நிற்கும் காட்சியில் அவள் கழுத்தைச் சுற்றியுள்ள சிவப்புத் துணியைப் பாருங்கள். 'டிராகுலா' படித்தவருக்கு அது எதை மறைக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.