ஆள் மாறினால் ஸ்கோரைப் பார்க்காதீர்கள், பெஞ்சைப் பாருங்கள்

ஐஸ் ஹொக்கியில் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் கடைசி நாள் வந்தால் என் மச்சானின் போன் ஓயாது. "ஆளை எடுத்திட்டாங்கள், இனிக் கப் எங்களுக்குத்தான்" என்பான். எங்கள் ரொறன்ரோ அணிக்கு ஸ்டான்லி கப் வந்தது 1967இல். அதோடு சரி.

சீசன் நடுவில் வந்த புது ஆளால் அணி உசாராகிவிட்டதா என்று அறிய, முதல் சில ஆட்டங்களுக்குக் கோல் கணக்கை மறந்துவிடுங்கள். ஹொக்கியில் ஒருவர் ஒரு தடவைக்கு ஐஸில் நிற்பது ஏறத்தாழ 45 விநாடி. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறும். சோர்ந்த அணியில், வெளியே வருகிறவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு காலை அசைக்காமல் சும்மா வழுக்கி வருவார். உயிருள்ள அணியில் கடைசி நாலு எட்டும் உதைத்துத்தான் வருவார். அவர் வந்தால்தானே மாற்று ஆட்கள் இருக்கும் பெஞ்சின் பலகையில் ஒரு காலைப் போட்டபடி நிற்கிறவர் குதிக்கலாம்! ஒரு நிமிடம் தாண்டியும் வெளியே வராதவர்களை எண்ணுங்கள். கைக்கடிகாரம் போதும்.

அதிலும் மூன்று பீரியட்டில் இரண்டாவதை வடிவாகக் கவனியுங்கள். பக்கம் மாறுவதால் பெஞ்ச் சொந்தக் கோலிலிருந்து தூரமாகிவிடும். தற்காப்பில் மாட்டியவர்கள் மூச்சு வாங்கினாலும் மாற முடியாது. புது ஆள் பழகவில்லை என்றால் அங்கேதான் வெளிக்கும்: பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) எதிர்ப்பக்க மூலைக்கு அடித்துவிட்டு மாறவேண்டிய நேரத்தில், தனியே ஒருவரை வெட்டி ஓடப் பார்த்துப் பறிகொடுப்பார்.

மாற்றம் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்றுமில்லை. 2019 ஜனவரித் தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி என்எச்எல் என்ற வட அமெரிக்க ஹொக்கி லீக் முழுவதிலும் கடைசி. முந்தைய நவம்பரிலேயே மைக் யோவை நீக்கி கிரெய்க் பெரூபியைப் பயிற்சியாளராக்கியிருந்தார்கள். உடனே ஒன்றும் ஆகவில்லை. டிசம்பரில் பயிற்சியிலேயே இரண்டு வீரர்கள் அடிபட்டுக்கொண்டார்கள். ஜனவரி 7 அன்று, கீழ் லீக்கிலிருந்து ஏறிவந்த ஜோர்டன் பின்னிங்டன் முதல்முறை ஆட்டத் தொடக்கத்திலிருந்தே கோலில் நின்றார். பிலடெல்பியாவை 3-0 என்று வென்றார்கள். கோலி (கோல் காப்பவர்) பதறாமல் நின்றால் டிஃபென்ஸ்காரரும் பக்கைக் கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடிக்கமாட்டார், ஆள் பார்த்துக் கொடுப்பார். என்னைக் கேட்டால் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது. ஜூன் 12இல் பாஸ்டனில் ஏழாவது ஆட்டம், 4-1, கப். (பெரூபி 2024இல் எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்தார். மச்சான் மறுபடி போன் எடுத்தான்.)

அதற்காக மூன்று ஆட்டத்திலேயே தீர்ப்பும் எழுதிவிடாதீர்கள். கார்ல் ஹேகலின் என்ற வீரர் பிட்ஸ்பர்க் அணிக்கு வந்தது 2016 ஜனவரியில். போனினோ, கெசல் இருவரோடும் ஒரே வரிசையில் (சேர்ந்தே ஐஸில் இறங்கும் மூவராக) நிலைத்தது மார்ச்சில் அந்த அணியின் மல்கின் காயப்பட்ட பிறகு. ஜூனில் கப்.

இதை மச்சானுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கெசலை நாங்கள்தானே குடுத்தனாங்கள்" என்றான்.