காரம் ஏறிய நாக்குக்குச் சொம்புத் தண்ணீர் உதவாது

போன வாரம் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்ட மோர்மிளகாய் என்னை நன்றாக ஏமாற்றியது. முதல் இரண்டும் உப்புக் கரித்ததோடு சரி. அதே தைரியத்தில் மூன்றாவதைக் காம்பு வரை கடித்தேன். இரண்டு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் நாக்கு, உதடு, காதுமடல் என்று வரிசையாகப் பற்றிக்கொண்டது. பக்கத்திலிருந்த சொம்பை எடுத்துப் பாதியைக் காலி செய்தேன். தொண்டையில் இறங்கும்வரை சுகம். சொம்பைக் கீழே வைத்ததும் எரிச்சல் திரும்பிவிட்டது. மருந்து தட்டிலேயே குழையப் பிசைந்து கிடந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

எல்லாரும் செய்கிற முதல் தவறு இதுதான். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணம் காப்சைசின் என்ற பொருள். எண்ணெயில் கரையும், தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய வாணலியைச் சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் அலசினால் என்ன ஆகும்? அதேதான் நாக்கிலும். குளிர்ந்த தண்ணீர் அந்த நேரத்துக்கு மரத்துப்போகச் செய்யும், அவ்வளவே.

இத்தனைக்கும் நாக்கு உண்மையில் வெந்துபோவதில்லை. சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டை மூளைக்குச் சொல்லும் உணர்வி ஒன்று நம் நரம்புகளில் இருக்கிறது. காப்சைசின் போய் அதில் ஒட்டிக்கொள்ள, அது ‘சுடுகிறது’ என்று பொய்த் தகவல் அனுப்புகிறது. 1997-ல் இந்த உணர்வியை அடையாளம் கண்ட குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆக, செய்யவேண்டியது குளிர வைப்பதைவிட முக்கியமாக, ஒட்டியதை வழித்தெடுப்பது.

வழித்தெடுக்கப் பாலும் தயிரும் நல்லவை. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் காப்சைசினைப் பிடித்துக்கொள்கிறது. கொழுப்பு நிறைந்த பால்தான் வேண்டும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் பல பானங்களைச் சோதித்தபோது, கொழுப்பு நீக்கிய பாலும் முழுப் பாலுக்கு ஈடாக எரிச்சலைக் குறைத்தது. இனிப்புப் பானம் ஒன்றும் நன்றாகவே வேலை செய்தது. பின்தங்கியவை சோடாவும் ஆல்கஹால் இல்லாத பீரும். பிரியாணியோடு சோடா கேட்பவர்கள் கவனிக்க: அந்தக் குமிழிகளே நாக்கைச் சுள்ளென்று குத்துகிறவை. பாதாம் பாலில் கேசீன் கிடையாது, அதை நம்பி இருக்க வேண்டாம்.

பாலைக் குடிக்கும் முறையிலும் தவறு செய்கிறோம். மடமடவென்று விழுங்கினால் பால் வயிற்றுக்குப் போய்விடும், எரிகிற இடமோ வாய். ஒரு வாய் பாலை அரை நிமிடமாவது நாக்கைச் சுற்றிப் புரட்ட வேண்டும். தயிரையும் அப்படியே. நீர்மோர் என்றால் கொஞ்சம் உஷார். கடையில் விற்கும் மோரில் பச்சைமிளகாயும் இஞ்சியும் தட்டிப் போட்டிருப்பார்கள். இஞ்சியின் காரமும் மிளகின் காரமும் தட்டுவது அதே உணர்வியைத்தான். சூடான டீயும் அப்படித்தான், காரம் ஏறிய நாக்கில் சூடு இரட்டிப்பாகத் தெரியும்.

பால், தயிர் இல்லாத இடத்தில் ஒரு ஸ்பூன் சர்க்கரையையோ வெல்லத்துண்டையோ நாக்கில் வைத்துக் கரைய விடலாம். வெறும் சோற்றை மென்றாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தயிரே மேல். ஒரு வயது நிறையாத குழந்தையின் வாயில் காரம் பட்டுவிட்டால் பதறிப்போய்த் தேன் தடவிவிடாதீர்கள், அந்த வயதுக்குத் தேனே ஆகாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாயில் ஏறிய காரம் பெரும்பாலும் கால் மணி நேரத்தில் தானாகவே அடங்கும். அதற்குள் தண்ணீர், சோடா, ஐஸ், வாழைப்பழம் என்று நாலைந்தை முயன்றுவிடுவோம். கடைசியாகச் சாப்பிட்டது எதுவோ அது பேர் வாங்கிக்கொள்ளும். வீட்டுக்கு வீடு ஒரு கைவைத்தியம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் உதடோ தொண்டையோ வீங்கினால், மூச்சுத் திணறினால், அதைக் காரம் என்று காத்திருக்கக் கூடாது. ஒவ்வாமையாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

வாயைவிட மோசம் கை. பஜ்ஜி மிளகாயைக் கீறி உள்ளே வழிக்கும்போது விதையில்தான் காரம் என்று நினைத்து விதையைத் தட்டிவிட்டு, வெள்ளைத் தண்டை விட்டுவிடுகிறோம். காப்சைசின் உருவாவது அந்த வெள்ளைச் சதையில்தான். விதைக்குக் காரம் வருவது பக்கத்தில் இருக்கும் தோஷத்தால். வேலை முடிந்ததும் குழாயடியில் கையைக் காட்டினால் பிசுக்கு அப்படியே இருக்கும். முதலில் சமையல் எண்ணெயை நகக்கண் வரை தேய்த்து, பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டுக் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், எரிச்சல் கூடும்.

கண்ணில் பட்டால் மட்டும் கணக்கு மாறுகிறது. அங்கே பாலும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். கசக்காமல் சுத்தமான தண்ணீரை நிறைய விட்டுக் கழுவ வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால், மிளகாய் நறுக்கிய அதே விரலால் அதைக் கழற்றப் போகாதீர்கள். கையை எண்ணெயும் சோப்பும் போட்டுக் கழுவியபிறகே லென்ஸைத் தொடலாம். எரிச்சல் அடங்காவிட்டாலோ பார்வை மங்கினாலோ கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.