செஸ்டரின் கறுப்பு வெள்ளைக் கடைவரிசையைப் படித்தறியும் முறை

இங்கிலாந்தின் செஸ்டர் நகரில், ஈஸ்ட்கேட் தெருவிலோ செயின்ட் வெர்பர்க் தெருவிலோ நின்று அண்ணாந்து பார்ப்பவர், வெள்ளைக் காரையின் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள் ஓடும் அந்தக் கடைகளை ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையவை என்றே எண்ணுவார். உண்மையில் அவற்றுள் பல, விக்டோரியா அரசியின் காலத்தில், குறிப்பாக 1850களுக்குப் பின் எழுந்தவை. அதற்காக அவற்றைப் போலி என்று தள்ளிவிடுவதும் பிழையே. பழைய தோற்றத்துக்குள் புதிய வணிகத்தை எப்படிப் பொருத்தினார்கள் என்பதே அங்கே பார்க்க வேண்டியது.

முதலில் தரைத்தளத்தைப் பாருங்கள். கண்கள் தாமாகவே மேல்மாடியின் செதுக்கல்களுக்குத் தாவும். அதைச் சற்று ஒத்திப்போடுவது நல்லது. பிரிட்டனில் கண்ணாடி மீதான தீர்வை 1845இலும் சன்னல் வரி 1851இலும் நீக்கப்பட்டன. அதன்பின் அகன்ற கண்ணாடிப் பலகைகள் கடைக்காரருக்கு எட்டும் பொருளாயின. கீழே முழுக்கக் கண்ணாடியும் மேலே கனத்த மாடிகளும் இருந்தால், இடையில் வார்ப்பிரும்புத் தூணோ இரும்பு உத்தரமோ எடையைத் தாங்குகிறதா என்று தேடுங்கள். இடைக்காலத் தச்சன் அவ்வளவு அகன்ற திறப்பை விட்டிருக்க மாட்டான்.

அடுத்து மரத்தைப் பாருங்கள். பழைய மரச்சட்டகக் கட்டடத்தில் சட்டங்களே எலும்புக்கூடு. அவற்றைக் கழுந்தும் துளையுமாகக் கோத்து மரஆணியால் இறுக்கினார்கள். எந்தக் கட்டை எந்தக் கட்டையோடு சேரும் என்பதைக் காட்டத் தச்சர்கள் கீறிய ரோமானிய எண்களைச் சில இணைப்புகளில் இன்றும் காணலாம். விக்டோரியா காலத்தில் இரு வழக்கங்கள் இருந்தன: ஒன்று, முறையான ஓக் மரச்சட்டகம், மற்றது, செங்கல் சுவரின்மேல் ஆணியடித்து ஒட்டிய பலகை. இவற்றைப் பிரித்தறியக் கட்டடத்தின் பக்கச் சந்துக்குள் நுழைந்து பாருங்கள். முகப்பின் மரவேலை மூலையோடு நின்று, பக்கச் சுவர் வெறும் செங்கலாக இருந்தால், முகப்பு ஓர் உடுப்பாக இருக்கக்கூடும். அறுத்த தழும்புகளும் உதவும்: வளைகோடுகள் வட்டரம்பத்தின் அடையாளம், சீரற்ற நேர்கோடுகள் கையரம்பத்தினுடையவை. ஆனால் ஒரே சான்றை நம்பித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். செயின்ட் வெர்பர்க் தெருவின் கிழக்குப் பக்கத்தை 1890களில் எழுப்பிய கட்டடக் கலைஞர் ஜான் டக்ளஸ், மரவேலை நேர்த்திக்குப் பெயர் பெற்றவர். அவருடைய இணைப்புகள் பழைய தச்சனையும் ஏமாற்றக்கூடியவை.

நிறத்தை மட்டும் நம்பவே கூடாது. பழைய ஓக் மரத்தைப் பெரும்பாலும் பூச்சின்றி விட்டார்கள். அது காலப்போக்கில் வெள்ளிச் சாம்பல் நிறமாகும். பளிச்சென்ற கறுப்பும் வெள்ளையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு பரப்பிய ரசனையே.

முகப்பில் பொறித்த ஆண்டும் அப்படித்தான். வாட்டர்கேட் தெருவில் கடவுளின் அருள்காப்பு இல்லம் எனப் பொருள்படும் பெயருடைய கட்டடம் 1652 என்ற ஆண்டைத் தாங்கி நிற்கிறது; இன்று நாம் காண்பதோ, கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஹாரிசன் 1862இல் பழைய மரங்கள் சிலவற்றைச் சேர்த்துத் திருப்பிக் கட்டியது. எனவே கண்ணால் கண்டதை ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பெரிய அளவுகோல் வரைபடங்கள், வணிகர் பெயரேடுகள், 1841 முதல் பத்தாண்டுக்கொருமுறை ஆட்பெயர்களுடன் கிடைக்கும் மக்கள்தொகைப் பதிவுகள், பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்களைப் பதிவுசெய்யும் இங்கிலாந்தின் தேசியப் பாரம்பரியப் பட்டியல் ஆகியவை போதுமான தொடக்கம்.

செஸ்டரில் இன்னொரு அடுக்கும் உண்டு. ‘ரோஸ்’ (Rows) எனப்படும் முதல்மாடி நடைபாதைகள் இடைக்காலத்தவை. புதிய முகப்பின் பின்னே பழைய கல் நிலவறை இருக்கலாம். ஆகவே தெருமட்டக் கடைக்குள்ளும் சென்று பாருங்கள்.

இறுதியாக பிரிட்ஜ் தெருவின் செயின்ட் மைக்கேல்ஸ் வணிகக்கூடம். விக்டோரியா காலம் முடிந்தபின் 1910இல், வெள்ளையும் பொன்னிறமுமான ஓடுகள் பதித்து அதன் முகப்பைக் கட்டினார்கள். ஊரில் எதிர்ப்பு எழவே, அடுத்த ஆண்டே மேல்மாடிகளை உரித்துக் கறுப்பு வெள்ளை மரவேலையை அணிவித்தார்கள். உள்ளே சென்றால் அந்த வெள்ளை ஓடுகளை இன்றும் காணலாம்.